பதினாலாயிரம் கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?



சிவாஜிநகரில் தமிழ்க் கூட்டம் என்றால் சிலப்பதிகாரமோ திருக்குறளோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது இரண்டு விமான நிலையங்களைப் பற்றி. ஒன்று, நம்ம பெங்களூர்த் தேவனஹள்ளி. இன்னொன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம்? இதுதான் தலைப்பு. இவ்வளவுதான் தலைப்பு.

இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது, செல்போனில் தட்டினால் வந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். வரும். தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர் என்று வரும். நேரம் 16 மணி, 17 மணி என்று வரும். முதல் எண்ணை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். என் வழக்கெல்லாம் இரண்டாவது எண்ணோடுதான். தூரத்தைப் பூமி முடிவு செய்துவிட்டது; அதில் யாரும் கைவைக்க முடியாது. நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? காற்றா? எண்ணெயா? ராஜாங்கங்களா? தேவனஹள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் ஹெப்பாள் மேம்பாலமா? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இதைச் சிவாஜிநகரில் ஏன் பேச வேண்டும்? பிள்ளையோ பெண்ணோ சான் பிரான்சிஸ்கோ பக்கம் சன்னிவேலில், பிரீமாண்டில், சான்டா கிளாராவில் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இந்த மண்டபத்தில் எத்தனை கை எழும் என்று எனக்குத் தெரியும். பேறுகாலம் பார்க்கப் போன அம்மாக்கள், பேரனைத் தூக்கப் போன தாத்தாக்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்தப் பதினாலாயிரம் கிலோமீட்டர் உங்கள் வீட்டுச் சங்கதி.

முதலில் தூரம். இதோ, என் கையில் ஒரு சாத்துக்குடி. வரும் வழியில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கியது. இதுதான் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் நடுவுக்குக் கொஞ்சம் மேலே பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறேன், அது பெங்களூர். பழத்தை ஏறக்குறைய மறுபக்கத்துக்குத் திருப்பி, இன்னும் சற்று மேலே ஒரு புள்ளி. அது சான் பிரான்சிஸ்கோ. இப்போது பூக்கட்டும் நூலை ஒரு புள்ளியில் பிடித்து, மறு புள்ளிக்கு இழுத்துக் கட்டுகிறேன். நூல் எந்த வழியாகப் போகிறது பாருங்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்துப் பழகிய நாம் என்ன நினைப்போம்? மேற்கே அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக், அப்புறம் அமெரிக்கா முழுவதையும் தாண்டிச் சான் பிரான்சிஸ்கோ என்றுதானே? நூல் அப்படிப் போகவில்லை. அது நேரே வடக்கே ஏறுகிறது. நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, பிறகு வடகிழக்கு ஓரத்தில் உறைந்த கடல், அங்கிருந்து அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கிச் சான் பிரான்சிஸ்கோ. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். காட்டி முடித்ததும் பிழிந்து குடித்துவிடலாம்.

இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் 160 டிகிரி. முழு எதிர்ப்பக்கம் என்பது 180. அவ்வளவு எதிரே இருக்கும் ஊருக்குக் குறுக்குவழி பூமியின் தலைப்பக்கமாகத்தான் போகும். அந்த நூலின் நீளம்தான் 14,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 சொச்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே பூமியைச் சுற்றிவிட்டுத்தான் உங்கள் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறான். முறுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கலாம்.

இந்த எண் எப்படிக் கிடைத்தது? பூமியை யாரோ அளந்திருந்தால்தானே கிடைக்கும்? அளந்தார்கள். அந்த அளவை வேலையில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அந்தப் போரில் வந்த ஆங்கிலேயப் பட்டாளத்தில் வில்லியம் லாம்டன் என்று ஓர் அதிகாரி. சண்டையைவிடக் கணக்கில் ஆசை அதிகம். 1800இல் பெங்களூர்ப் பக்கத்துச் சமவெளியில் அவர் ஒரு நேர்கோட்டை அளந்தார். எதைக் கொண்டு? நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து எடுத்துப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. சக்கரவர்த்திக்கு வேண்டாமாம். திரும்பி வந்த சங்கிலி இந்தியாவுக்கு வந்து, கடைசியில் நம்ம ஊர் மண்ணில் புரண்டது.

1802 ஏப்ரலில் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அவர் இன்னொரு நேர்கோட்டை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மலையுச்சிகளையும் கோபுரங்களையும் இணைத்துக்கொண்டு மேற்குக் கரை வரை போனார். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே 400 மைல் என்று அதுவரை இருந்த வரைபடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அளந்து பார்த்தால் 360தான். நாற்பது மைல் அகல நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போயிற்று! நிலம் எங்கும் போகவில்லை. தூரம் அதேதான். நம் கணக்குத்தான் திருந்தியது. இன்று சாட்டிலைட் அளக்கிறது; எண்ணில் இனிப் பெரிய தகராறு வராது.

ஆகவே தூரம் முடிந்த விஷயம். அதை ஒதுக்கி வைப்போம். நேரத்துக்கு வருவோம்.

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகம். நெவாசா என்ற கப்பலில் கும்பகோணத்துக் கணக்குப் பிள்ளை ஒருவர் ஏறுகிறார். பெயர் ராமானுஜன். லண்டனில் இறங்கியது ஏப்ரல் 14. நான்கு வாரம். இன்று சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து, பதினொரு மணி நேரம். சென்னை நகர்ந்ததா? லண்டன் நகர்ந்ததா? தூரம் அதேதான்.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு சின்ன விமானத்தில் பம்பாய் வந்து இறங்குகிறார். அங்கிருந்து அதைச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். வழியில் எங்கே இறங்கினார் தெரியுமா? பெல்லாரியில்! இந்தியாவின் விமானத் தபால் கதை நம்ம கர்நாடகத்துப் பெல்லாரி மண்ணை மிதித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனது. அன்றைய விமானத்துக்கு ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் முடியாது. நின்று, இளைப்பாறி, எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போகும்.

நிற்காமல் போவது: இந்த நூறாண்டில் விமானம் கற்றுக்கொண்ட பெரிய வித்தை அதுதான். வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். எழுபதுகளில் பறந்த ஜம்போ ஜெட்டும் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகம்தான். இன்று பறப்பதும் ஏறக்குறைய அதே வேகம்தான். ஐம்பது வருஷத்தில் வேகம் கூடவில்லை, தாய்மார்களே. மூச்சுத்தான் கூடியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் விமானம் 15,000 கிலோமீட்டருக்கும் மேலே, பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே நிற்காமல் பறக்கிறது.

நம்ம ஊருக்கு அந்த நாள் 2021இல் வந்தது. ஜனவரி 9, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் இந்தியா விமானம் ஒன்று கிளம்பியது. போயிங் 777, நீண்ட தூரத்துக்கென்றே செய்த ரகம். தலைமை விமானி ஜோயா அகர்வால். விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். வடதுருவத்துக்கு மேலே பறந்து வந்து, 11ஆம் தேதி திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் தேவனஹள்ளியில் இறங்கினார்கள். சுமார் பதினேழு மணி நேரம்.

ஒரு நிமிஷம். நூல் துருவத்துக்கு மேலே போகவில்லையே, சைபீரியா ஓரமாக அல்லவா போயிற்று? கவனித்துக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். வர வேண்டும். நூல் போகிற வழியில் திபெத் இருக்கிறது, இமயமலை இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால், விமானி உடனே பத்தாயிரம் அடி உயரத்துக்கு இறங்க வேண்டும்; அப்போதுதான் ஜனங்கள் மூச்சு விட முடியும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். எங்கே இறங்குவது? அதனால் விமானங்கள் பொதுவாக அந்த மேட்டைச் சுற்றித்தான் போகின்றன. குறுக்குவழி இருக்கிறது, ஆனால் போக முடியாது. 14,000 என்பது நூலின் நீளம். விமானம் உண்மையில் பறப்பது அதற்கு மேலே. எவ்வளவு மேலே என்பது நாளுக்கு நாள் மாறும்.

துருவத்தின் மேலே போவது என்றால் சும்மாவா? வெளியே இருக்கும் குளிரில் எண்ணெயே உறைந்துபோகுமோ என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிரப்பும் சாதாரண ஜெட் எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். அதனால் டாங்கியில் இருக்கும் எண்ணெயின் வெப்பத்தை விமானி பார்த்துக்கொண்டே இருப்பார். ரொம்ப இறங்கினால் கீழே வருவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். எஞ்சினில் கோளாறு என்றால் இறங்குவதற்கு ஒரு ஓடுதளம் எங்கே என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பனிக்கரடி ஊரில் ஓடுதளம் தேடுகிற வேலை அது.

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அந்த 777 ரகம் கிளம்பும்போது அதிகபட்சம் 347 டன் எடை தூக்கும். டாங்கி நிறைய எண்ணெய் ஊற்றினால் அதுவே ஏறக்குறைய 145 டன். ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய்! அதில் ஒரு பகுதி, மீதி எண்ணெயைச் சுமப்பதற்கே எரிகிறது. பதினாறாவது மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயைப் பதினைந்து மணி நேரம் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமே! நிற்காத விமானத்தின் டிக்கெட்டுக்குக் கூடுதலாக வாங்குகிறார்களே என்று டிராவல்ஸ்காரரிடம் சண்டை போடுகிறீர்கள். அந்தக் கூடுதலில் ஒரு பங்கு இதற்குத்தான்.

இப்போது காற்று. இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

அந்த விமானம் வந்தது துருவத்தின் வழியாக. இங்கிருந்து திரும்பிப் போகும் விமானம் அதே வழியில் போக வேண்டும் என்பதில்லை. கிழக்கே திரும்பிப் பசிபிக் மகாசமுத்திரத்தின் மேலே போனதும் உண்டு. அது நூலைவிட நீளமான வழி. நீளமான வழியில் போய்ச் சீக்கிரம் சேருவதா? எப்படி?

முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறாக ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 14,000 கிலோமீட்டர், வேகம் 900. பதினைந்தரை மணி நேரம். காற்று 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே அடித்தால்? வேகம் 800 ஆகிவிடும். பதினேழரை மணி நேரம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால்? வேகம் 1,000, பதினான்கு மணி நேரம். விமானம் அதே விமானம். விமானி அதே விமானி. தூரம் அதேதான். மூன்றரை மணி நேரம் எங்கே போயிற்று? காற்றில் போயிற்று!

2005 நவம்பரில் போயிங் நிறுவனம் இதே 777 ரகத்தைச் சோதிக்க ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. வழக்கமான வழி மேற்கே, பத்தாயிரம் கிலோமீட்டர்கூட வராது. அவர்கள் எதிர்ப்பக்கமாகக் கிழக்கே பறந்தார்கள். பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி 21,602 கிலோமீட்டர், 22 மணி 42 நிமிஷம், நடுவில் இறங்காமல். சாதனைக்காகத்தான் சுற்றினார்கள். ஆனாலும் கிழக்கே சுற்றினார்களே, அதைக் கவனியுங்கள். காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “பூமிதான் சுற்றுகிறதே, விமானம் சும்மா மேலே நின்றால் அமெரிக்கா தானாக வந்துவிடாதா?” நல்ல கேள்வி, கேட்காத குழந்தை கிடையாது. வராது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது; காற்றில் இருக்கும் விமானமும் சேர்ந்தே சுற்றுகிறது. அப்படி இல்லாவிட்டால் மொட்டைமாடியில் குதித்தவன் அடுத்த தெருவில் அல்லவா விழுவான்?

சரி, கடிகாரம் என்ன சொல்கிறது? சனிக்கிழமை இரவு அங்கே கிளம்பியவர்கள் திங்கட்கிழமை இங்கே இறங்கினார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை? அங்கே எட்டரை ஆகும்போது இங்கே ஞாயிறு காலை பத்து மணி. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதால் பன்னிரண்டரை. ஞாயிறு முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்தது. கறிக்குழம்பு இல்லாத ஞாயிறு.

போகும்போது இதற்கு நேர்மாறு. இங்கே பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பிப் பதினாறு மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே நாள் மாலை நாலரை மணி. கடிகாரத்தை நம்பினால் பயணம் இரண்டரை மணி நேரம்தான்! ஆனால் உடம்பு கடிகாரத்தை நம்பாது. அதற்கு அப்போது விடிகாலை ஆறு மணி, காபி கேட்கும். அமாவாசைத் தர்ப்பணத்தை எந்த ஊர்த் தேதிக்குச் செய்வது என்று என்னிடம் கேட்ட மாமாக்கள் உண்டு. நான் பஞ்சாங்கக்காரன் இல்லை என்று நழுவிவிட்டேன்.

காற்றைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன். இவை இரண்டும் இயற்கை. அடுத்து வருவது மனிதன். ஆகாயத்தில் கோடு கிடையாது என்று கவிஞர்கள் பாடலாம். விமானிக்குத் தெரியும், ஆகாயம் முழுக்கக் கோடுதான்.

2022இல் உக்ரைன் போர் மூண்டது. அமெரிக்கா தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யா தன் வானத்தை அமெரிக்க விமானங்களுக்கு மூடியது. வடக்கே போகும் வழி பூராவும் ரஷ்யாவின் தலைக்கு மேலே. அதற்கும் முன்பே, 2020இல், அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு பெங்களூருக்கு நேரடி விமானம் விடப்போவதாக அறிவித்திருந்தன. ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, இன்னொன்று சியாட்டிலிலிருந்து. கொரோனாவில் தள்ளிப்போனது, பிறகு வானமும் மூடியது. அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. இந்திய விமானங்களுக்கு ரஷ்யா தடை போடவில்லை, அவை போய்க்கொண்டிருந்தன.

போய்க்கொண்டிருந்தவற்றில் ஒன்றுக்கு 2023 ஜூனில் என்ன நடந்தது தெரியுமா? டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 216 பயணிகளோடு போன ஏர் இந்தியா விமானத்தில் ஒரு எஞ்சினில் கோளாறு. நான் சொன்னேனே, இறங்குவதற்கு ஓடுதளம் குறித்து வைத்திருக்க வேண்டும் என்று? குறித்து வைத்திருந்தார்கள். இறங்கிய இடம் மகதான். ரஷ்யாவின் தூரக்கிழக்கில், ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய் விட்ட ஊர். அத்தனை பேரைத் தங்கவைக்க ஓட்டல் போதவில்லை. கிடைத்த விடுதிகளில் படுக்கவைத்தார்கள். பாஷை தெரியாது, சாப்பாடு பழக்கமில்லை. மும்பையிலிருந்து வேறு விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஜூன் 6ஆம் தேதி டெல்லியில் ஏறியவர்கள் 8ஆம் தேதி பிறக்கும் நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். பதினாறு மணி நேரப் பயணம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது!

2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. வடக்கேயும் மேற்கேயும் போகிறவை அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. நிற்காமல் அமெரிக்கா போன விமானங்கள் சில ஐரோப்பாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. 1932இல் பெல்லாரியில் இறங்கிய கதைதான் மறுபடியும்! யாரோ இருவர் சண்டை போட்டுக்கொண்டால் ஜன்னலோர ஸீட்டில் இருக்கும் நம்ம வீட்டுப் பாட்டிக்கு இரண்டு மணி நேரம் கூடுகிறது. ஆகவே எந்த விமானம் நேரே போகிறது, எது நின்று போகிறது என்பதைப் போன வருஷம் போனவரிடம் கேட்காதீர்கள். டிக்கெட் எடுக்கிற அன்றைக்குக் கேளுங்கள்.

ஆகாயத்திலிருந்து தரைக்கு வருவோம். நம்ம தரைக்கு வருவோம். சிவாஜிநகருக்கு வருவோம்.

2008 மே மாதம் வரை விமானம் ஏற வேண்டுமென்றால் நமக்கு எச்.ஏ.எல். விமான நிலையம். அல்சூர் வழியாக ஆட்டோ பிடித்தால் பத்து கிலோமீட்டர் இருக்கும். பசிலிக்காவில் மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். மே 24ஆம் தேதி தேவனஹள்ளி திறந்தது. இன்றைக்குச் சிவாஜிநகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மேக்ரி சர்க்கிள், ஹெப்பாள், எலஹங்கா, சாதஹள்ளி டோல். விடிகாலை மூன்று மணிக்குக் காலியான ரோட்டில் முக்கால் மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு, மழையும் பெய்தால், அந்த ஹெப்பாளில்... நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முகமே சொல்கிறது.

நம்ம ஊர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ஜோலார்பேட்டைக்கு முதல் ரயில் ஓடியது 1864 ஆகஸ்ட் 1. நூற்றி அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றும் சென்னைக்குப் போக எது சீக்கிரம்? விமானம் ஆகாயத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் தேவனஹள்ளிக்கு ஒன்றரை மணி, அங்கே சோதனை, காத்திருப்பு ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்காக நின்று ஊருக்குள் போக ஒரு மணி. கூட்டிப் பாருங்கள். சதாப்தி ஐந்து மணி நேரத்தில் சென்ட்ரலில் விட்டுவிடுகிறது. கன்டோன்மென்டில் நிற்கவும் செய்கிறது. சிவாஜிநகர்க்காரன் விமானத்தில் சென்னை போவது, என் கட்சியில், காசு கொடுத்து ஹெப்பாளை வேடிக்கை பார்ப்பது.

சான் பிரான்சிஸ்கோவுக்கும் இதே கூட்டலைப் போடுங்கள். வீட்டிலிருந்து தேவனஹள்ளி ஒன்றரை மணி. மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். நேரே போகும் விமானம் கிடைத்தால் பதினாறு மணி பறப்பு. அங்கே இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, மகன் கார் நிறுத்திய இடத்தைத் தேடுவது, வீட்டுக்குப் போவது. சிவாஜிநகர் வாசற்படியிலிருந்து சன்னிவேல் வாசற்படிக்கு ஒரு நாள் முழுசும் ஆகிவிடும். டிக்கெட்டில் அச்சடித்த பதினாறு, அந்த ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. துபாயிலோ பிராங்க்பர்ட்டிலோ இறங்கி மாறிப் போகும் டிக்கெட் இருபத்திரண்டு மணி, இருபத்தைந்து மணி ஆகும். நேரே போகும் விமானம் கிடைத்தால் பதினாறு. “ஆறு மணி நேரம்தானே வித்தியாசம், ஐம்பதாயிரம் மிச்சம்” என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். வாலிபனுக்கு அந்தக் கணக்குச் சரி. அவன் இறங்குவான், கடை பார்ப்பான், காபி குடிப்பான்.

அறுபத்தெட்டு வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். தமிழ் பேசுவார், கன்னடம் பேசுவார், ரஸ்ஸல் மார்க்கெட்டில் உருதுவிலேயே பேரம் பேசுவார். இங்கிலீஷ் மட்டும் வராது. கையில் ஒரு பை. அதில் மாத்திரை, பருப்புப்பொடி, பாஸ்போர்ட், மகன் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத ஊரில் இறங்குகிறார். அடுத்த விமானம் எந்தக் கேட் என்று பலகையில் எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. வீல்சேர் தள்ளுகிற பையன் ஒரு மூலையில் உட்காரவைத்து, “வெயிட், வெயிட்” என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்தக் காத்திருப்பு கடிகாரத்தில் மூன்று மணி நேரம். அந்த அம்மாவிடம் கேளுங்கள், எத்தனை மணி நேரம் என்று. பாத்ரூமுக்குப் போனால் அந்தப் பையன் வந்து தேடுவானோ என்று பயந்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று என்னிடம் ஓர் அம்மா சொன்னார்.

நேரே போவதிலும் கஷ்டம் இல்லாமலில்லை. பதினாறு மணி நேரம் ஒரே இருக்கையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும்; சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நடைபாதை ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று அம்மாக்கள் குடிக்கவே மாட்டார்கள். இருதயக் கோளாறு, சர்க்கரை இருக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இந்தச் சங்கடங்களையெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன்: பாஷை தெரியாத பெரியவர்கள் தனியாகப் போவதானால், டிராவல்ஸ்காரரிடம் முதலில் எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். எத்தனை தடவை இறங்கி ஏறணும் என்று கேளுங்கள். நேரே போகும் விமானம் அன்றைக்கு இல்லையா? ஒரே தடவை மாறுவதாகப் பாருங்கள். மாறும் இடத்தில் மூன்று, நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும், அதற்கு முட்டிவலி கிடையாது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். அப்போதுதான் ஒன்று தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. வீல்சேரை டிக்கெட்டிலேயே பதிந்து வாங்குங்கள். முடிந்தால் நம்ம ஊரிலிருந்து அதே விமானத்தில் போகிற குடும்பம் எது என்று விசாரியுங்கள். இன்று இந்த மண்டபத்திலேயே விசாரிக்கலாம். வருகிற மாதம் போகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து தேதியைச் சொல்லுங்கள். ஒரே தேதிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தாலும் ஒருவருக்கொருவர் துணையாகிவிடும்.

சாத்துக்குடியை யாராவது குழந்தைகள் வாங்கிக்கொள்ளுங்கள்.